வெள்ளிப் பெயிண்ட் அடித்த கேட்

எண்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டைவிட்டு, மலேசியாவின் ஈப்போ நகருக்குக் குடிவந்தோம். எனக்குத் துணி ஆலையில் வேலை கிடைத்தது ஒரு காரணம். அப்பாவுக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது இன்னொரு காரணம். புந்தோங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதிதாக எழும்பியிருந்த தாமான், குடியிருப்புப் பகுதி, அது. எல்லா வீடும் ஒரே அச்சு. குடிவந்த புதிதில் நான் வேலை முடிந்து திரும்பி, அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது வீடு அல்ல, அதன் முன்னால் இருந்த இரும்பு கேட். லயத்தில் ஏது கேட்? கதவே பாதி நாள் சாத்தமாட்டோம். அப்பாவுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. பகலெல்லாம் முதலாளியின் கேட்டைக் காவல் காத்துவிட்டு வந்து, மாலையில் தன் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். கீல்களுக்கு எண்ணெய் விடுவார். சங்கிலியும் பூட்டும் வாங்கினார். திருடன் வந்தால் அந்தப் பூட்டைத்தான் திருட வேண்டும். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு அந்த கேட்டைக் கண்டாலே ஆகாது. லயத்தில் அடுப்பு மூட்டினால் பக்கத்து வீட்டுக்காரி என்ன குழம்பு என்று கேட்பாள். இங்கே எதிர்வீட்டு டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சேலை மடிப்புக் கலையாமல் காரில் ஏறுவார், இறங்குவார், தலையை மட்டும் ஆட்டுவார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி வேலிக்கு மேல் சிரிப்பார். அதற்கு மேல் பேச அம்மாவிடம் மலாய் இல்லை.

"இங்க நாம செத்தாகூட ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க," என்பார் அம்மா. கடைசியில் அப்பாவுக்குக் கெடு வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன். அன்னிக்கும் ஒருத்தரும் நம்ம வாசல மிதிக்கலன்னா, நான் என் தம்பிகிட்ட லயத்துக்கே போயிருறேன். நீங்க உங்க கேட்டக் கட்டிக்கிட்டு இருங்க."

அம்மா சொன்னால் செய்கிற ஆள். நானும் அப்பாவும் பயந்துதான் போனோம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பா கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். வீடு கிடைத்தால் முடி தருவதாக வேண்டுதலாம். அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டுச் சுட்டுப் பிஸ்கட் டின்களில் நிரப்பினார். லயத்தில் எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேருக்குக் கணக்கு. முந்தைய நாள் சாயங்காலம் அப்பா தன் பங்குக்குக் கேட்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். அடித்து முடித்ததும் மழை. வாசலில் அம்மா போட்ட கோலம் சாக்கடைக்குப் போனது, விடிந்தும் ஈரத்தில் மறுகோலம் போட முடியவில்லை, பெயிண்டும் காயவில்லை.

விடிந்ததும் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, ஆட்டுக்கறி எல்லாம் ஆனது. வருகிறவர்களின் புதுத்துணியில் பெயிண்ட் ஒட்டிவிடக் கூடாதே என்று அப்பா கேட்டை நன்றாகச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டினார். காய்ந்ததும் திறக்கலாம் என்றார். வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! லயத்து ஆட்களுக்கு கேட் என்றால் ஓர் அலங்காரம், அவ்வளவுதான். வர நினைக்கிறவன் கூப்பிட்டுக்கொண்டு வருவான் என்றே இருந்தோம்.

ஒருவரும் கூப்பிடவில்லை. ஆட்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்பா வாசலுக்கு வந்து நின்று மொட்டையைத் தடவியபடி தெருவைப் பார்ப்பார், பார்த்துவிட்டு உள்ளே வருவார். எதிரே வெடி வைக்க வந்த பிள்ளைகளைக்கூட யாரோ அதட்டித் தெருக்கோடிக்கு விரட்டினார்கள்.

"பட்டாசுகூட நம்ம வாசல்ல வெடிக்க மாட்டேங்கிறாங்க," என்றார் அம்மா. எனக்கு அழுகை வந்தது. மத்தியானம் அம்மா சேலைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். அப்பா தடுக்கவில்லை.

அப்போதுதான் கேட்டில் சங்கிலிச் சத்தம். மூவரும் ஓடினோம். வெளுத்த பருத்திச் சேலையில் டீச்சர், பொட்டு இல்லை, கையில் மூடிய எவர்சில்வர் தட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் சீனப் பெண்மணி ஒரு பை ஆரஞ்சோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த வருசம் நீங்கள் பலகாரம் சுடமாட்டியள் எண்டு தெரியும். அதுதான் கொஞ்சம் பயத்தம் பணியாரம் கொண்டு வந்தனான்," என்றார் டீச்சர், மிக மெதுவாக. "ஆர் தவறினது? உங்கட மாமியாரோ?"

அம்மா விழித்தார். "மாமியாரா? அவங்க நான் கல்யாணம் கட்டி வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாங்களே."

"சியாப்பா மாத்தி?" என்று சீனப் பெண்மணியும் கேட்டார். யார் செத்தது என்று கேட்கிறார் என்பது அம்மாவின் அரைகுறை மலாய்க்கே புரிந்தது.

அம்மா திரும்பி அப்பாவின் மொட்டையைப் பார்த்தார். பூட்டிய கேட்டைப் பார்த்தார். கோலம் இல்லாத வாசலைப் பார்த்தார். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை லயத்தைவிட்டு வந்த பிறகு நான் கேட்டதே இல்லை.

"யாரும் சாகலக்கா! பெயிண்டு காயல, அதான்!"

அப்பா சாவியோடு பாய்ந்தார். பூட்டுத் திறந்தது, கேட் திறக்கவில்லை. இரண்டு கதவும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டுவிட்டன. தோளைக் கொடுத்து இழுத்தார், வியர்த்துப்போய்த் தலையைத் துடைத்தார். மொட்டையில் நெற்றி முதல் பிடரி வரை பளபளவென்று வெள்ளிக்கோடு. தலையை மட்டும் ஆட்டத் தெரிந்த டீச்சர் தட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கேட் ஒரு வழியாகத் திறந்தது. சேலையில் ஒட்டிய பெயிண்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விஷயம் தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? துக்க வீடு என்று ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் செத்தது யாருமில்லை என்று கேட்டுச் சிரிக்கவே வந்தார்கள். வந்தவர்களுக்கு அம்மா டின் டின்னாகத் திறந்தார். பிள்ளைகள் எங்கள் வாசலில் வெடி வைத்துக் காதைக் கிழித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் இனித்தது.

எல்லாரும் போன பிறகு அம்மா டீச்சரின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

"அப்போ, லயத்துக்கு எப்போ?"

"நம்ம வீட்டுல சாவுன்னு நெனச்சு வந்து நின்னாங்கல்ல," என்றார் அம்மா. பிறகு தட்டைத் துடைத்தபடி, "நாளைக்கு இதுல அதிரசம் வச்சுத் திருப்பிக் குடுக்கணும். வெறுந்தட்டக் குடுக்க முடியுமா? அவங்கதான் வெறுந்தட்டத் திருப்பித் தருவாங்களா?" என்றார்.

அப்பா உள்ளே போய், அம்மாவின் பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினார். ஜாகா வேலை பார்க்கும் மனிதர், அன்று கேட்டைச் சாத்தாமலே படுக்கப் போனார்.