அட்டையில் இல்லாத படம்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் அந்த டீச்சர், புதிதாகச் செய்யும் பட அட்டைகளை முதலில் கணவரிடம்தான் சோதித்துப் பார்ப்பார்.

“இனிமே டீ வேணும்னாலும் படத்தக் காட்டணுமா?”

“டம்ளரக் கழுவி வச்சிட்டுக் காட்டுங்க. ஒரு நட்சத்திரமும் தர்றேன்.”

வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். முடித்ததும் பிடித்த பரிசு. வகுப்பில் காத்தாடி என்ற பெண்ணுக்கு, பரிசு எது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பேச்சு வராது. சுற்றுகிற எதைக் கண்டாலும் சொக்கிப்போவாள். அம்மா வைத்த செல்லப்பெயரே அப்படி வந்ததுதான். பாடம் முடிந்ததும் ஒரு குட்டி விசிறியின் இரண்டு வயர்களைப் பேட்டரியில் தொட்டு டீச்சர் சுற்றவிடுவார்.

பேட்டரி, வயர், பல்பு என்று அட்டைகளில் இருந்தவை எல்லாம் டீச்சரின் கையை வைத்தே எடுத்த படங்கள். வேலையைத் தொடங்குமுன் காத்தாடி அவருடைய கைக்கடிகாரத்தை ஒருமுறை தொடுவாள். பாசம் என்று நினைத்து டீச்சர் பூரித்துப்போவார்.

தலைமையாசிரியருக்கு இதில் நம்பிக்கையில்லை. “பல்ப அவளே எரிய வைக்கட்டும். இல்லன்னா மெழுகுவத்தி செய்யற பிரிவுக்கு மாத்திடலாம்” என்றார். சோதனையன்று டீச்சரையும் காத்தாடியின் அம்மாவையும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்.

அட்டைகளும் சாமான்கள் வைத்த தட்டும் மேசையில் இருந்தன. நேற்றுவரை மளமளவென்று செய்தவள் முதல் அட்டையிலேயே நின்றுவிட்டாள். அம்மா முந்தானையைக் கசக்கினாள். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார். டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார்: காத்தாடியின் விரல், படத்திலிருந்த மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“சார், ஒரு சாமான் வைக்க மறந்துட்டேன்.”

“என்னது?”

“வாட்ச்.”

“மணி பார்க்கத் தெரியுமா அவளுக்கு?”

“இல்ல சார். எல்லாப் படத்துலயும் வாட்ச் இருக்கு, தட்டுல இல்ல. அவ சரியாத்தான் பார்க்கறா. தப்பு நான் படம் எடுத்ததுல.”

தலைமையாசிரியர் சரி என்று தலையசைத்தார். டீச்சர் கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார். காத்தாடி அதை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். தொளதொளவென்று முழங்கைவரை சரிந்தது. அதன்பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. பேட்டரி. ஒரு வயர். இன்னொரு வயர். பல்பு எரிந்தது.

அம்மா மூச்சுவிட்டாள். ஆனால் காத்தாடி முடிக்கவில்லை. பரிசுக்காகக் காத்திருக்கவும் இல்லை. பல்பைக் கழற்றினாள். மேசை ஓரத்தில் இருந்த குட்டி விசிறியை இழுத்து, பல்பு இருந்த இடத்தில் அதன் வயர்களைச் சேர்த்தாள். விசிறி சுற்றியது.

தலைமையாசிரியர் அட்டைகளைப் புரட்டினார். “இதுக்குப் படம் எங்க?”

“இல்ல சார். இது நான் சொல்லித் தரல.”

அவர் அட்டைகளைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “மெழுகுவத்திக்காரங்க கிட்ட நானே சொல்லிடறேன், ஆள் வராதுன்னு.”

இப்போது அந்த வகுப்பில் இன்னொரு அட்டையும் இருக்கிறது. விசிறியை இணைக்கும் ஒரு சின்னக் கை. அதில் கடிகாரம் இல்லை. அந்தப் படத்தை எடுக்குமுன் டீச்சர் தன் கடிகாரத்தைக் காத்தாடியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.