மூணு ஷிப்ட் கிறிஸ்துமஸ்

சபை ஊழியக்காரங்களுக்கு டிசம்பர் மாசம்னா என்னன்னு தீபாவளி வாரத்துல துணிக்கடையில நிக்கிற பிள்ளைங்களைக் கேளுங்க, சரியாச் சொல்லுவாங்க: உட்கார நேரம் இருக்காது, முகத்துல சிரிப்பும் குறையக் கூடாது. கேக் டப்பாவையும் முட்டிவலித் தைலத்தையும் ஒரே பையில தூக்கிட்டு அலையிற ஊழியக்கார அக்காமாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

நாங்க தெக்கத்தி நாசரேத் பக்கத்துக்காரங்க. வடநாட்டு மலைக்காட்டுல காலமெல்லாம் மிஷனெரியா இருந்துட்டு, ரிட்டயராகி ஊருக்கு வந்து பெட்டியக்கூட முழுசாப் பிரிக்கல. "ஒரகடத்துல நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நிறைய ஃபேக்டரியில இருக்காங்க, போய்ப் பாத்துக்கோங்க"ன்னு எங்க மிஷனெரிச் சங்கத்துல அனுப்பிட்டாங்க. டயர் கடைக்கு மேல ஒரு மாடி ஹால், அதுதான் எங்க சபை. என் வீட்டுக்காரரைப் பிள்ளைங்க "அய்யா"ன்னு கூப்பிடும். நானும் இங்க அப்படியே சொல்லிட்டுப் போறேன்.

அதிகாலை ஆராதனை

எங்க ஊர்ல கிறிஸ்துமஸ்னா விடியுறதுக்கு முன்னால நாலு மணிக்கே ஆராதனை. புதுத்துணி போட்டு, தூக்கக் கண்ணோட கோயிலுக்கு ஓடுவோம். வேற நேரத்துல கிறிஸ்துமஸ் வரும்னே எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் இங்கயும் நாலு மணின்னே அறிவிச்சோம். பிள்ளைங்களும் மரியாதைக்குத் தலையாட்டிட்டுதுங்க. வாடகை நாற்காலி போட்டு, ஸ்டார் கட்டி, காத்திருந்தா ஒரு ஈ காக்கா வரல. எப்படி வரும்? பாதிப் பேரு நைட் ஷிப்ட்ல லைன்ல நிக்கிறான், மீதிப் பேரு காலை ஷிப்டுக்குக் குளிச்சுக்கிட்டு இருக்கான். இது எங்க ரெண்டு பேரு மண்டையிலயும் ஏறவே இல்ல!

அய்யா விடுவாங்களா? தயார் பண்ணின பிரசங்கத்தை முழுசா எனக்கு ஒருத்திக்கே பண்ணி முடிச்சாங்க. கோயம்புத்தூர்ல இருக்க எங்க மகன் அன்னைக்கே போன்ல இதைக் கேட்டுட்டு, "அடுத்த கிறிஸ்துமஸும் இப்படின்னா, ஊழியம் போதும்னு எங்ககூட வந்துரணும்"னு வாக்கு வாங்கிட்டான். அந்த பிளாட்ல பால்கனியப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. இந்தக் கவலையோட படியிறங்கினா, டயர் கடைக்குப் புதுசா வந்த வாட்ச்மேன் ரொம்ப இரக்கமாக் கேட்டார்: "இன்னாம்மா, சாரு அவ்ளோ நேரம் கத்தினுகீறாரு, நீ ஒரு வார்த்த திருப்பிப் பேசலியே?"

பஞ்சுத் தாடி

இந்த வருஷம் உஷாராயிட்டோம்ல! ராத்திரி வீடு வீடாப் போய்ப் பாடுற கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது, பகல்லதான்னு முடிவு பண்ணினோம். ஞாயித்துக்கிழமை காலையில, வீக் ஆஃப்ல இருந்த பிள்ளைங்களைச் சேத்துக்கிட்டு ஆம்பளப் பசங்க ஹாஸ்டலுக்குப் போனோம். அய்யாவே கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, கையில மணி. வராண்டாவுல டிரம்ம ஒரு தட்டு தட்டி, மூணு பாட்டு பாடினோம் பாருங்க, கட்டடமே அதிர்ந்துச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஒவ்வொரு கதவாத் திறந்துச்சு. எல்லா முகமும் அப்பத்தான் கண்ணசந்த முகம். ஒருத்தன் லுங்கியக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தான், தேனிப் பக்கத்துப் பையன். கோபப்படவும் மனசில்ல, சிரிக்கவும் தெம்பில்ல அவனுக்கு. அய்யா நீட்டின மிட்டாய வாங்கிக்கிட்டுச் சொன்னான்: "தாத்தா, இயேசு பொறந்ததுல எங்களுக்கும் சந்தோசந்தேன். ஆனா நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தேன் படுத்தோம், அவரு சாயங்காலமாப் பொறக்கக் கூடாதா?"

பஸ் வர்ற வரைக்கும்

அதுக்கப்புறம் ஹாஸ்டல் பக்கமே தலைவச்சுப் படுக்கல. கம்பெனி பஸ் நிக்கிற இடத்துலயே பாடுவோம்னு கிளம்பிட்டோம். அங்க எல்லாரும் முழிச்சிருப்பாங்க, அது ஒண்ணு போதுமே! மத்தியான ஷிப்டுக்கு நிக்கிற கூட்டத்துல பாட ஆரம்பிச்சா, ஐ.டி. கார்டு மாட்டின பிள்ளைங்க எல்லாம் கைதட்டுதுங்க. சர்ச்சுக்கே போகாத பிள்ளைகூட ரெண்டாவது தடவைல பல்லவியப் பிடிச்சுக்கிச்சு. என்ன, பாட்டு சூடு பிடிக்கும்போது ஒரு பஸ் வரும், என் குரூப்ல பாதி ஏறிப் போயிரும். தம்பூரின் தட்டின பிள்ளை தம்பூரினோடயே போயிட்டா ஒரு நாள்.

ஒரு தடவை சரணத்துக்கு நடுவுல பஸ் வந்துடுச்சு. டிரைவர் நெத்தியில பட்டையாத் திருநீறு. ஹார்ன் அடிக்கப் போறார்னு நான் பாட்டை நிறுத்திட்டேன். மனுசன் ஜன்னல் வழியாத் தலைய நீட்டி என்னைத்தான் அதட்டினார்: "இன்னா மேடம், பாதில வுட்டுட்ட? முடி, முடி! அந்த ரெண்டு நிமிஷத்த நான் ஹைவேல புட்ச்சிக்கிறேன்."

ஹவுஸ் ஓனர் அம்மா

எல்லாம் இப்படி ஜோராப் போயிட்டு இருக்கும்போது, பாட்டு குரூப் லீடர் ஜெனிபா மூச்சு வாங்க ஓடி வந்தா. சாத்தான்குளத்துப் பிள்ளை, போன் ஃபேக்டரியில வேலை. "அம்மா, ஆர்டர் கூடிப்போச்சாம், இருபத்தஞ்சாம் தேதி ஒருத்தருக்கும் லீவு கிடையாதாம். மூணு ஷிப்டும் ஓடுமாம்"னு சொல்லிட்டு அழுதுட்டா. மத்த கம்பெனிப் பிள்ளைங்களை விசாரிச்சா அங்கயும் இதே கதை. அய்யா கட்ட எடுத்த ஸ்டாரைத் திரும்ப டப்பாவுல வச்சாங்க. அப்புறம், "கோயம்புத்தூருக்கு டிக்கெட் பாத்துருவோமா?"ன்னாங்க. எனக்கு வந்துதே கோபம்! "பிள்ளைங்க மூணு ஷிப்ட் பாக்கும்போது நமக்கு என்ன கேடு? நாமளும் மூணு ஆராதனை வைப்போம்"னு சத்தம் போட்டுட்டேன்.

நைட் ஷிப்ட் பிள்ளைங்களுக்குக் காலையில, மத்தியான ஷிப்டுக்கு வேலைக்குப் போற முன்னால, காலை ஷிப்டுக்கு வேலை விட்டதும். சொல்லிட்டேனே ஒழிய, சந்தேகம்தான். ராத்திரி முழுக்க நின்ன பிள்ளை படுக்கைக்குப் போகுமா, படியேறி வருமா? இதை எங்க ஹவுஸ் ஓனர் தனலட்சுமியம்மாகிட்ட புலம்பினேன். தலைமுறை தலைமுறையா இதே ஊர்ல விவசாயம் பாத்த குடும்பம். மார்கழி மாசம் விடியுமுன்னே வாசல் நிறையக் கோலம் போட்டுட்டுக் கோயிலுக்குக் கிளம்புற ஆளு. இடுப்புல கைவச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு: "வேலை செஞ்சி களைச்சி வர்ற புள்ளிங்கள வெறும் வயித்தோடயா சாமி கும்பிட வைப்ப? நீ போயி பாட்ட பாத்துக்கோ, இட்லிய நா பாத்துக்கிறேன்."

மூணு வேளையும்

கிறிஸ்துமஸ் காலையில இட்லி அண்டா வந்துடுச்சு, பிள்ளைங்க வரல. கீழ ரோட்டுல பஸ் ஒண்ணு நின்னுச்சு, போயிடுச்சு. இன்னொண்ணு நிக்காமலே போயிடுச்சு. அய்யா பைபிளைத் திறந்து வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பத்தான் படியில தடதடன்னு சேஃப்டி ஷூ சத்தம்! ஏறி வந்துட்டே இருக்குதுங்க, யூனிஃபார்மோட, கண்ணெல்லாம் சிவந்து போய். நாற்காலி பத்தல, தரையில உக்காந்துச்சுங்க. ஜன்மத்துல பிரசங்கத்தைச் சுருக்காத அய்யா, "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார், சாப்பிட்டுட்டுப் போய்த் தூங்குங்க"ன்னு முடிச்சுட்டாங்க. நான் வாய்விட்டு அழுதேன், சந்தோசத்துலதான்.

மத்தியானத்துக்கு முன்னால அடுத்த கூட்டம். ஜெனிபா தலைநிறையப் பூவோட வந்து பாடினா பாருங்க, டயர் கடை ஆளுங்க மேல வந்துட்டாங்க. பாத்திரம் கழுவி நிமிருறதுக்குள்ள, வேலை விட்டு வந்த காலை ஷிப்ட் படியில ஏறுது. அந்த நேரம் பாத்து மகன் போன் பண்ணினான். ஸ்பீக்கர்ல போட்டேன். "என்னப்பா, எப்ப கிளம்பி வர்றீங்க?"ன்னான். கையில சாம்பார் வாளியோட ஓடிட்டிருந்த அய்யா நிக்காமலே பதில் சொன்னாங்க: "எங்களுக்கு எங்கலே லீவு? நீ பொண்டாட்டி பிள்ளையோட இங்க வந்து சேரு, பரிமாற ஆள் பத்தல!"

இந்த ஊழியத்துல எங்களுக்கு இருக்க ஒரே மனக்குறை, மூணு ஷிப்டும் முடிஞ்ச பிறகும் எங்களை மாத்திவிட அடுத்த ஷிப்ட் ஆள் வராததுதான்.