சாவியை எடுத்தும் நிற்காத கார்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. சாந்தமாகிவிடுவாள். கல்யாணமான புதிதில் அதைப் பொறுமை என்று நினைத்து ஏமாந்தவன் நான்.

அவளுக்குக் கார் வயரிங் வேலை. சாதாரணக் காரைப் பந்தயக் காராக மாற்றித் தரும் அவள் அண்ணனின் பட்டறையில்தான் கற்றாள், அங்கேயே உழைத்தாள். என் மச்சான் இன்ஜினைப் பார்ப்பார். வயரெல்லாம் இவள் பொறுப்பு. ஒவ்வொரு இணைப்பையும் ஈயத்தால் பற்றவைத்து, மேலே மஞ்சள் டேப் சுற்றுவாள். மஞ்சள் டேப் என்றால் அவள் கை என்று கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கார்தான் வினையானது. பந்தய மைதானத்தில் அவர் சாவியை எடுத்துவிட்டு இறங்கினார். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. மச்சான் யோசிக்கவே இல்லை. கூடப் பிறந்தவளைக் கைகாட்டி, "வயரிங் இவ பண்ணது. இவகிட்ட குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றார்.

அதோடு அவளுக்கு அங்கே வேலை போயிற்று. மற்ற பட்டறைகளும் கதவைச் சாத்தின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் சண்டைக்குக் கிளம்பினேன். "உக்காருங்க. கார் நம்மகிட்ட வரும்" என்றாள், சாந்தமாக.

வந்தது. மச்சான் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரை மாற்றி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டியும் அடங்காத காரை ஜவுளிக்கடைக்காரர் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார்.

அவள் பானெட்டைத் திறந்து காது கொடுத்தாள். "கரிச் சூட்டுல பெட்ரோல் பத்திக்கிட்டா இன்ஜின் குலுங்கும், தட்டும். இது நல்லாவே ஓடுது. எங்கிருந்தோ கரண்ட் வருது."

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய மின்விசிறி. அவள் வேலைக்கு வராத நாளில் மச்சான் தானே மாட்டியது. விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பி எடுத்தாள். இன்ஜின் சட்டென்று அடங்கியது.

"சாவிய எடுத்தப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்துது இல்ல? சுத்துற வரைக்கும் அதுவே கரண்ட் உண்டாக்கி இன்ஜினுக்குக் குடுக்குது" என்றாள்.

விசிறி வயர் இன்ஜினின் சாவி வயரோடு சேரும் இணைப்பில் மஞ்சள் டேப். பிரித்தாள். உள்ளே ஈயம் இல்லை, வெறும் முறுக்கு. தான் செய்த அரைகுறை வேலைக்குத் தங்கையின் டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறார் பெரிய மனுஷர். எனக்கு ரத்தம் கொதித்தது. அவளோ டேப்பை மறுபடி சுற்றி, ஃபியூஸையும் மாட்டிவிட்டாள்.

"சரி பண்ணலையாம்மா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"பண்றேன். இங்க இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்க்காரர்கள் டீ குடிக்கக் கூடுவது மச்சானின் பட்டறை வாசலில். காரை அங்கே நிறுத்திச் சாவியை எடுத்தாள். இன்ஜின் ஓடியது. "உன் வயரிங் லட்சணம்" என்று சிரித்தார் மச்சான்.

அவள் டேப்பைப் பிரித்து எல்லோரிடமும் காட்டினாள். "என் ஜாயிண்ட்ல ஈயம் இருக்கும். இதுல இருக்கா?" பிறகு காரை மறுபடி கிளப்பி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சாவியை எடுத்தாள். இன்ஜின் உடனே நின்றது. "இந்த ஃபேனை மாட்டினது யாருண்ணே?"

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. "குடும்ப விஷயம். உள்ள வாம்மா, பேசிக்கலாம்" என்றார் மெதுவாக.

"என்னைச் சொன்னது வெளியிலதானே. இதுவும் வெளியிலேயே நடக்கட்டும்."

விசிறிக்கு பேட்டரியிலிருந்து தனி வழி கொடுத்து, நடுவில் ரிலே சுவிட்ச் வைத்து, ஈயத்தால் பற்றவைத்தாள். அவருடைய பட்டறையில், அவருடைய கருவியால். "லைட்டைப் பிடிண்ணே" என்றாள். பிடித்தார். எனக்கு அந்தக் காட்சி கல்யாண விருந்தாக இருந்தது.

சாவியை எடுத்ததும் கார் நின்றது. மச்சான் லைட்டை அணைத்துக் கீழே வைத்தார். "சரிம்மா. நாளையிலிருந்து வேலைக்கு வந்துடு."

"வரேன்ணே" என்று கையைத் துடைத்தவள், தெருவுக்கு அந்தப் பக்கம் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த கடையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து அதன் சாவியை எடுத்தாள்.

"ஆனா அங்க."