பலகையில் ஒன்பது, அக்காவின் கன்னத்தில் சிவப்பு

கடற்கரையில் புற ஊதாக் கதிர் எவ்வளவு என்று காட்டும் பலகைக்கு என் அக்காதான் அதிகாரி. கருவியைப் பார்த்து மணிக்கொரு முறை எண் தகட்டை மாற்றுவாள். மூன்று வந்தாலே தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு. எட்டைத் தொட்டால் நிழலை விட்டு நகரக்கூடாது. "மேகமாத்தானே இருக்கு, காத்து சில்லுனு வீசுதே" என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

"சூடு வேற, கதிர் வேற! மேகம் என்ன சுவரா? மணல்லயும் தண்ணியிலயும் பட்டு கீழேருந்தும் அடிக்கும்!"

பத்து வருடமாக இதே பாட்டு. எனக்குத் தூக்கத்திலும் ஒப்பிக்க வரும்.

களிம்பைக்கூடக் கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கொரு தரம் பூசும் ஜென்மம், கல்யாணத்துக்கு லேசில் சரி சொல்லிவிடுமா? படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர் மூன்று மாதமாக இவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றே இழுத்தடித்தாள். அவருக்கு வேறு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. போன சனிக்கிழமை மாலைக்குள் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். இவள் சரி என்றால் இங்கேயே இருப்பார், இல்லையென்றால் போய்விடுவார். நல்ல மனிதர், இவளுக்கும் பிடித்திருக்கிறது, வாயைத் திறந்தால்தானே!

அன்று வானம் முழுக்க மெல்லிய மேகம். மூன்று மணிக்கு வீடு வந்தவளைப் பார்த்து அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். இடது கன்னம் பழுத்த தக்காளி.

"பலகையில என்னடி போட்டிருந்த?"

"ஒன்பது."

"அப்புறம் தொப்பிய ஏன் கழட்டின?"

"முகம் தெரியலைன்னு சொன்னார்."

"யாரு?"

அக்கா தரையைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவுக்குத் திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கட்டில் மேல் ஏறிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மெக்கானிக், வலது கன்னம் செக்கச்செவேல் என்று. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் போலீஸா வேண்டும்?

"அங்க போன் பண்ணணும். போகவா, இருக்கவா?" அப்பா நிற்பதையே மறந்து அவர் கேட்டார்.

"போகாதீங்க" என்றாள் அக்கா.

சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கன்னம் எரிந்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க!" என்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே" என்று அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யாராவது நிறுத்துங்களேன், எரியுது" என்று கெஞ்சிக்கொண்டே, அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.