கடலைத் திருப்பிப் போட்ட சுமிரே

எங்கள் ஊரில் இன்று தபால் வண்டி ஓட்டும் சுமிரேயை எவனாவது வழி தெரியாதவள் என்று சொல்லட்டும், நான் சண்டைக்கே போவேன். கோபே நகரத்தில் அவள் செய்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் ஒரு நாள் முழுக்க எங்கள் இஷ்டம். கைப்பேசி மட்டும் கூடாது. மூன்று மூன்று பேராகச் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு குழு தாமதித்தாலும் மறுநாள் ஒசாகா கேளிக்கைப் பூங்கா மொத்த வகுப்புக்கும் கிடையாது என்று குராமோத்தோ சார் சொல்லிவிட்டார்.

கல், தாள், கத்தரி போட்டதில் தோற்ற பாவத்துக்கு சுமிரே எங்கள் குழுத் தலைவியானாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பவள். "போச்சு, பூங்கா போச்சு" என்று குழுவின் மூன்றாவது ஆளான தைச்சி அப்போதே தலையில் அடித்துக்கொண்டான்.

சீனக் கடைத்தெருவில் பன்றியிறைச்சி பன் தின்றுவிட்டுத் துறைமுகத்தில் ஆட்டம் போட்டோம். கிளம்பும்போதுதான் கேட்டேன்.

"தைச்சி, மேப் எங்கடா?"

"பன் சூடா இருந்துச்சு. அதுல சுத்திப் பிடிச்சேன். அப்புறம் கடைக் கூடையிலயே போட்டுட்டேன்."

"நீ உருப்படவே மாட்டே!"

"விடுதி கிழக்கே, மலையடியில. வாங்க" என்றாள் சுமிரே. கடலைப் பார்த்து நின்று, வலது கைப் பக்கம் நடந்தாள். எங்களுக்கும் சந்தேகமே வரவில்லை. மீன்பிடி ஊரில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பார்த்து நின்றால் வலது கை கிழக்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அரை மணி நேரம் நடந்தும் விடுதியைக் காணோம். மணி நான்கு ஆகிவிட்டது. "நாளைக்கு வகுப்பே நம்மள மிதிக்கப் போகுது" என்று தைச்சி புலம்பினான்.

சுமிரே சட்டென்று நின்றாள்.

"வெயில் ஏன் மூஞ்சில அடிக்குது? சாயங்காலம் கிழக்கே போனா முதுகுலதானே அடிக்கணும்?" கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயோ அயானோ! நம்ம ஊர்ல கடல் வடக்கே. இங்க தெற்கே. எல்லாமே தலைகீழ்டி! திரும்புங்க!"

ஓடினோம். ஒவ்வொரு முக்கிலும் மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு இழுத்துப் போனாள். விடுதி வாசலை மிதித்தபோது மணி நான்கு நாற்பது.

அங்கே குராமோத்தோ சார் கைப்பேசியோடு வெளிறிப்போய் நின்றார். மறுமுனையில், பொதுத் தொலைபேசியிலிருந்து எங்கள் வகுப்புத் தலைவன் தோமோகி அழுதுகொண்டிருந்தான். "மேப்ல இருக்கிற மாதிரி இங்க எதுவுமே இல்ல சார்!"

சுமிரே, அந்த ஊமைச் சுமிரே, கேட்காமலேயே சாரின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"தோமோகி, கடலை மேல வெச்சா மேப்பைப் பிடிச்சிருக்கே?"

"ஆமா. கடல் மேலதானே இருக்கும்?"

"இந்த ஊர்ல இல்லடா! கடல் கீழ வர்ற மாதிரி திருப்பு. எங்க நிக்கிறே?"

"ரயில் நிலையத்துக்கிட்ட."

"மலை தெரியுதா? அதைப் பார்த்து நேரா ஏறு. அழாம ஓடு!"

நான்கு ஐம்பத்தெட்டுக்குத் தோமோகி குழுவின் மூன்று பேரும் நாக்குத் தள்ள வந்து விழுந்தார்கள். வகுப்பே போட்ட கூச்சலில் விடுதிக்காரம்மா ஓடிவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை; சுமிரேயைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

மறுநாள் பூங்கா வாசலில் சார் ஒரே ஒரு மேப்பை எடுத்து, நேரே சுமிரேயிடம் நீட்டினார். அவள் அதை மடித்துத் தைச்சியின் சட்டைப் பையில் செருகினாள்.

"வெச்சுக்கோ. பன் சூடா இருக்கும்."