ஈஜோக் சாலையில் அம்மா சரிசெய்த கார்புரேட்டர்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா இல்லாத ஓர் ஆண்டை எப்படியோ கடந்துவிட்டோம். மூத்தவள் என்பதால் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பிகள் என்னிடம் விட்டார்கள். உங்களில் பலர், தஞ்சோங் காராங்கில் எங்கள் பட்டறையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இஞ்சினுக்குள் குனிந்து நிற்கும் பெண்மணியாகத்தான் அவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைக்கு அவர் எப்படி வந்தார் என்பது சிலருக்கே தெரியும்.

சபாக் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் அம்மா பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தாத்தா திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, தேங்காய் உரிக்கும் வேலைதான். கோலசிலாங்கூருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த அப்பாவை மணந்து அங்கே வந்தார். அப்பா பேச்சுப் பிரியர். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லித்தான் கழற்றுவார். சாப்பாடு கொண்டுபோகும் அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முட்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடவில்லை. அந்தச் சமயத்தில் தோட்டத்தின் ஆற்றோரத்து டிவிஷனில் வெள்ளம் ஏறிவிட, அங்கே மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு லோரியில் அரிசி கொண்டுபோகும்படி உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்ன துரை அப்பாவிடம் சொன்னார். அனுமதிச் சீட்டு வாங்க நேரமில்லை. வழியில் போலீஸ் லோரியை நிறுத்தியது. துரை சொல்லித்தான் கொண்டுபோகிறேன் என்று அப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை. சின்ன துரையோ மறுநாளே மலேரியாக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அப்பாவைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அவர் சொல்வதை விசாரணைக் குழு ஏற்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அப்பா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் அப்போது கைக்குழந்தை.

காய்ச்சல் தேறி, விசாரணைக்கு முதல் நாள்தான் சின்ன துரை தோட்டத்துக்குத் திரும்பினார். அம்மா நேராக அவருடைய பங்களாவுக்குப் போனார்.

“தொரே, அரிசி கொண்டுபோகச் சொன்னது நீங்கதானே? வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா எம் புள்ளைக்கு அப்பன் இல்லாம போயிடும்.”

அவருக்கு அரைகுறைத் தோட்டத் தமிழ் வரும். “நான் சொன்னேன். நான் போறான். கட்டாயம் போறான்,” என்றார்.

தோட்ட மேனேஜரான பெரிய துரைக்கு இது பிடிக்கவில்லை. விதியை மீறியது நீதான் என்று ஆகும், வேலை போகும் என்று சின்ன துரையை எச்சரித்தாராம். தோட்டத்து வண்டி எதையும் தர மறுத்துவிட்டார். மிச்சமிருந்தது சின்ன துரையின் சொந்தக் கார் ஒன்றுதான். துணிக்கூரை போட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். பார்க்க அழகு. ஆனால் நின்று கிடந்த நாள்களில் அதற்கும் நோய் பிடித்திருந்தது. கிளப்பினால் இருமும், வெடிக்கும், அணைந்துவிடும்.

“பட்டறைச் சாவி குடுங்க தொரே, நான் பாக்குறேன்,” என்றார் அம்மா.

மூடியைத் திறந்ததும் அம்மா திகைத்துப் போனார். அப்பாவின் லோரியில் ஒரு கார்புரேட்டர்தான். இதில் இரண்டு கார்புரேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அம்மா முதல் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி இன்னும் இருமியது. இரண்டாவதையும் துடைத்தார். அப்போதும் சரியாகவில்லை. அழுகை வந்துவிட்டது என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும் என்று தன் ஊரில் யாரோ சொன்னது சின்ன துரைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டார். ஒன்று சீறியது, மற்றது முனகியது. சின்ன துரை திருகாணியைத் திருப்ப, அம்மா “இன்னும் கொஞ்சம், போதும், பின்னால வாங்க” என்று சொல்லச் சொல்ல, இரண்டு சத்தமும் ஒன்றானது. இஞ்சின் இருமாமல் ஓடியது.

மறுநாள் காலை காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். இருப்பதோ ஓர் இடம். “வழியில் கார் நின்னா துப்பாக்கி காடி ஓட்டாது,” என்று சொல்லி சின்ன துரை அம்மாவை ஏற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டு அத்தையிடம் என்னை விட்டுவிட்டு அம்மா புறப்பட்டார்.

ஈஜோக் தாண்டி, இரு பக்கமும் காடு நெருங்கிய இடத்தில் கார் கரும்புகை கக்கி நின்றது. ஒரு கார்புரேட்டர் நிரம்பி வழிந்து பெட்ரோல் சொட்டியது. பக்கத்திலேயே சூடான புகைக்குழாய். ஆறும்வரை தொடவும் முடியாது. அந்தச் சாலையில் சும்மா நிற்பதே ஆபத்து. அம்மா பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி மடக்கிக் கட்டினார். சூடு தணிந்ததும் கார்புரேட்டர் மூடியைத் திறந்து, பெட்ரோல் வரத்தை அடைக்கும் சின்ன ஊசியை வெளியே எடுத்தார். பெட்ரோல் பீப்பாயின் துருத் துகள் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. துடைத்தார். ஊசி நழுவி லாலான் புல்லுக்குள் விழுந்துவிட்டது.

இருவரும் மண்டியிட்டுப் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது ராணுவ லோரி ஒன்று வந்து நின்றது. துப்பாக்கிகள் நீண்டன. சின்ன துரை கையைத் தூக்கியபடி நடந்ததைச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். வந்தவர்களில் பாதிப் பேர் காட்டைப் பார்த்துக் காவல் நிற்க, மீதிப் பேர் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லில் தவழ்ந்தார்கள். ஓர் இளம் மலாய் வீரர்தான் கண்டெடுத்தார். “இனி கே, காக்?” இதுதானா அக்கா என்று கேட்டு, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்த இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் எண்ணெயோடு சின்ன துரை உள்ளே ஓடினார். அம்மா வெளியே நின்றார். வெகுநேரம் கழித்துக் காவலர்களுக்கு நடுவில் அப்பா வெளியே வந்தார். அம்மாவின் கைகளைத்தான் முதலில் பார்த்தாராம்.

“கையெல்லாம் என்ன கறுப்பு?”

“காடி நின்னு போச்சு.”

“ஊசியப் பாத்தியா?”

“பாத்தேன். துரு அடைச்சிருந்துச்சு.”

“அப்ப சரிலா,” என்ற அப்பா, அதற்குப் பிறகுதான் அழுதாராம்.

சின்ன துரையின் சாட்சியைக் குழு ஏற்றுக்கொள்ள, சில வாரங்களில் அப்பா வீடு வந்து சேர்ந்தார். சின்ன துரைக்கு வேலை போனது. காரை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுமுன் லயத்துக்கே வந்து அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டு அனுப்பினார்.

அவசரகாலம் ஓய்ந்த பின் தஞ்சோங் காராங்கில் பட்டறை வைத்தோம். “கார்புரேட்டர் அவ பாத்துக்குவா” என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். சுங்கை பஞ்சாங் நெல் லோரிகளும் சுங்கை செம்பிலாங் மீன் வண்டிகளும் அம்மாவைத் தேடி வந்தன. அந்த வருமானத்தில்தான் நாங்கள் படித்தோம். அப்பா போன பிறகும் அம்மா ஓயவில்லை. கண் மங்கியபோது, இஞ்சின் சத்தத்தைக் கேட்டே, பட்டறையை நடத்தும் தம்பிக்குக் கோளாறைச் சொல்வார்.

கடைசி மாதங்களில் அம்மாவை வந்து பார்த்த மருத்துவமனைத் தாதியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும், இறுதி ஊர்வலத்துக்குத் தன் லோரியைக் கொடுத்த சீன உதிரிப்பாகக் கடைக்காரருக்கும், தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கருமாதி முடிந்த மறுநாள், துக்கத்தோடுதான் தம்பி பட்டறையைத் திறக்கப் போனான். வாசலில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் காத்திருந்தன. சட்டையை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கினான்.