யாரும் மறிக்காத வரப்பு

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமான சங்கதி என்பதால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எனக்குச் சாரம் கட்டும் வேலை. அங்கே ஆஸ்பத்திரியில் முடிவை நோயாளியிடமே விட்டுவிடுகிறார்கள். எனக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய். சின்னது, மெதுவாக வளர்வது. அறுத்தெடுக்கலாம், கதிர் வைக்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கண்காணிக்கலாம் என்றார்கள். "எத்தனை நாள், டாக்டர்?" என்றேன். நான் கேட்டது ஆயுளை. அந்தச் சீன டாக்டர் சிரித்தார். "வேலைக்கா? நாளைக்கே போகலாம்." அறுத்தால் பல வாரம் பாரம் தூக்க முடியாது, சிறுநீர் கசியலாம். கண்காணிப்பே போதும் என்றேன். அந்த வாரமே இரும்புக் குழாயைத் தோளில் வைத்து ஏறினேன். எனக்குள் இன்னொருவனும் சத்தமில்லாமல் கூடவே ஏறுவது போலிருந்தது.

விடுப்பில் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். வைத்தியம் பார்க்காமல் அனுப்பினால், கைவிரித்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். மனைவி யாரிடமோ சொல்ல, எனக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. எனக்குப் பிடித்த பண்டங்களோடு ஆட்கள் வந்தார்கள். "யார் வம்புக்கும் போனதில்ல, பாவம்" என்று என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். பத்து வருஷமாகப் பேசாத பங்காளி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"ஆபரேஷன் பண்ணிக்கங்களேன்" என்றாள் மனைவி. "சும்மா விட்டா எப்படிங்க?"

"இப்பவே பண்ணணும்னு டாக்டர் சொல்லலையே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று அழுதாள். அவள் அழ அழ, டாக்டர் எதற்காகச் சிரித்தார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எங்கள் வயலில் நடவு. வரப்பில் யார் வந்தாலும் நடவுப் பெண்கள் நாற்றுமுடிக் கட்டைக் குறுக்கே போட்டு மறித்து, டீ வடை கேட்காமல் விடமாட்டார்கள். போன தடவை, "சிங்கப்பூர்க்காரரே, வடையில்லாம இந்தப் பக்கம் கால் வைக்கப்படாது!" என்று கத்தினார்கள். இந்தத் தடவை நான் வந்ததும் சிரிப்பு நின்றது. வரப்பில் கிடந்த ஒரு முடியையும் முன்னால் நின்ற செல்லம்மா எடுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

"ஏன், மறிக்கலயா?"

"உங்களப் போயி மறிப்பமாண்ணே? வெயில்ல நிக்காதீங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். பத்துப் பன்னிரண்டு முடிகளை வாரித் தோளில் ஏற்றினேன். மூச்சு வாங்கவில்லை, கால் நடுங்கவில்லை. பின்னால் செல்லம்மா மெல்லச் சொன்னது கேட்டது:

"விடுங்கடி. ஆசை போல."

கடலுக்கு அந்தக் கரையில் எனக்கு அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இந்தக் கரையில் குனிந்த முதுகுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டன. நடுவில் முழங்கால் சேற்றில், சொட்டும் நாற்றோடு, எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் மீதி வயலுக்கும் நானே நாற்று சுமந்தேன். யாரும் மறிக்கவில்லை.